மூடியைத் திறந்து பார்த்தவர் வரையும் வரைபடம்

திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். நடைபாதைக்கு அடியில் ஒரு குழாய் ஓடுகிறது. துறையில் அதற்கு டக்ட் என்று பெயர். இரண்டு நிலத்தடிப் பெட்டிகளுக்கு நடுவே 140 மீட்டர் நீளம், உள்ளே ஒரு பழைய செம்புக் கேபிள், மிச்சம் காலி என்கிறது ஆவணம். வடிவமைப்பாளர் அந்தக் காலியிடத்தை நம்பி ஃபைபர் பாதையை வரைந்து கொடுத்துவிடுகிறார். சில வாரம் கழித்து வேலைக்குப் போன குழு மூடியைத் தூக்கி, நீளமான நார்க்கம்பி ஒன்றை உள்ளே தள்ளிப் பார்க்கிறது. அறுபதாவது மீட்டரில் கம்பி நின்றுவிடுகிறது. மரவேர் குழாயை நசுக்கியிருக்கிறது. இனி நடைபாதையைத் தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு உள்ளூர் கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும். தற்காலிகப் போக்குவரத்து விளக்கு வைக்க வேண்டும். வீட்டுக்காரருக்குச் சொன்ன தேதி அத்தோடு போயிற்று.

டெலிகாம் வலையமைப்பு வடிவமைப்பு என்ற தொழிலின் இயல்பே இதுதான். பாதி வேலை கணக்கிலும் மென்பொருளிலும் நடக்கிறது, பாதி சேற்றில். பட்டம் மட்டும் வாங்கி வருபவருக்கு இரண்டாவது பாதி தெரியாது. கேபிள் மட்டும் இழுத்துப் பழகியவருக்கு, 32 வீடுகளுக்கு ஒளியைப் பிரித்துக் கொடுத்தபின் கடைசி வீட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடத் தெரியாது. இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் வளர்க்கப் பிரிட்டன் வைத்திருக்கும் ஏற்பாடு டிகிரி அப்ரண்டிஸ்ஷிப். சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே, சுமார் நான்கு ஆண்டுகளில், பல்கலைக்கழகப் பட்டம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் இங்கிலாந்தின் விதிகளைப் பற்றியது. ஸ்காட்லாந்தில் இதே வகை ஏற்பாட்டுக்குக் கிராஜுவேட் அப்ரண்டிஸ்ஷிப் என்று பெயர், விதிகளும் வேறு. வேல்ஸ், வட அயர்லாந்து விதிகளையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

லண்டன் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எடுத்தவுடன் எழும் கேள்வி சம்பளத்தைப் பற்றியதாக இருக்காது. “எல்லாற்றை பிள்ளையளும் யூனிக்குப் போகேக்கை, எங்கடை பிள்ளை ரோட்டிலை கேபிள் இழுக்கிறதோ?” கோயில் வாசலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை அதற்குள் இருக்கிறது. அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இலங்கைப் போருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் பலர் பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியவர்கள். அப்ரண்டிஸ் என்ற சொல் அவர்கள் காதில் படிப்பை விட்டவன் என்றே விழுகிறது. பிரச்சினை சொல்லில்தான் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் அச்சாகும். முழுநேர மாணவர் வாங்குவதும் அதே பட்டம்தான்.

தமிழர் பலர் வாழும் கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமிலிருந்து தெற்கே ஆற்றங்கரை வரை போய், வூல்விச் படகில் இலவசமாகத் தேம்ஸைக் கடந்தால் இந்தப் பாதையின் பழைய தடங்கள் இரண்டு கிடைக்கும்.

முதலாவது டாமி ஃபிளவர்ஸ். 1905-ல் கிழக்கு லண்டனின் பாப்லரில், செங்கல் கட்டுபவரின் மகனாகப் பிறந்தவர். வூல்விச் ராயல் ஆர்சனலில் இயந்திரப் பொறியியல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பகலில் பட்டறை, மாலையில் லண்டன் பல்கலைக்கழக வகுப்பு. மின்பொறியியல் பட்டம் அப்படித்தான் வந்தது. 1926-ல் தபால்துறையின் தொலைபேசிப் பிரிவில் சேர்ந்து, 1930-ல் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறினார். தொலைபேசி இணைப்பகங்களில் அசையும் உறுப்புகளுக்குப் பதில் எலெக்ட்ரானிக் வால்வுகளை வைக்கலாம் என்று அங்கே சோதித்துப் பார்த்திருந்தார். வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும், நம்ப முடியாது என்பது அன்றைய பொதுக் கருத்து. அணைக்காமல் தொடர்ந்து ஓடவிட்டால் அவை நிலைத்து நிற்கும் என்பது ஃபிளவர்ஸ் கையால் கண்டறிந்த பாடம். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்க அவர் கட்டிய கொலோசஸில் சுமார் 1,600 வால்வுகள் இருந்தன. 1944 தொடக்கத்தில் அது பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்யத் தொடங்கியது. கணினி வரலாற்றில் அதன் இடம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கட்டியவர் தொலைபேசி இணைப்பகப் பொறியாளர் என்பதும், பட்டறையில் தொடங்கியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இரண்டாவது சார்ல்ஸ் காவ். ஷாங்காயில் பிறந்து, வூல்விச் பாலிடெக்னிக்கில் 1957-ல் மின்பொறியியல் பட்டம் முடித்தவர். இன்றைய கிரீனிச் பல்கலைக்கழகத்தின் முன்னோடி அந்தக் கல்லூரி. படகுத்துறையின் மறுகரையில், நார்த் வூல்விச்சில் இருந்த ஸ்டாண்டர்ட் டெலிபோன்ஸ் அண்ட் கேபிள்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஹார்லோவில் இருந்த அதன் ஆய்வுக்கூடத்துக்கு மாறி, வேலையை விடாமலேயே 1965-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அன்றைய கண்ணாடி இழைகளில் ஒளி கிலோமீட்டருக்கு ஆயிரம் டெசிபல் அளவில் வலுவிழந்துகொண்டிருந்தது. தொலைபேசிக்கு உதவ வேண்டுமானால் அந்த இழப்பு 20 டெசிபலுக்குக் கீழே வர வேண்டும், கண்ணாடியைச் சுத்தமாக்கினால் வரும் என்று ஜார்ஜ் ஹாக்கமும் அவரும் 1966-ல் எழுதினார்கள். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. 2009-ல் காவுக்கு இயற்பியல் நோபல் பரிசு.

இருவரும் மேதைகள், எல்லா அப்ரண்டிஸும் அப்படி ஆகப்போவதில்லை. ஆனால் வேலையும் பட்டமும் ஒன்றாக ஓடுவது இந்தத் துறைக்குப் புதிதல்ல என்று கோயில் வாசலில் சொல்லிக்கொள்ள இரண்டு பெயர் போதும்.

டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்ற இன்றைய வடிவம் 2015-ல் வந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் முழு ஏற்பாடும் புரியும். 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள், தாண்டிய தொகையில் 0.5 சதவீதத்தை அப்ரண்டிஸ்ஷிப் வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு மட்டுமே திரும்ப எடுக்கலாம். ஆகவே பெரிய டெலிகாம் நிறுவனத்துக்கு இது தர்மம் அல்ல. ஏற்கெனவே கட்டிய காசு. பல்கலைக்கழகக் கட்டணம் அதிலிருந்து போகிறது. மாணவர் ஒரு பென்னிகூடக் கட்டுவதில்லை. பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆன செலவைத் திருப்பித் தா என்று, நடுவில் விலகினாலும், முதலாளி கேட்கக்கூடாது என்கின்றன அரசின் நிதி விதிகள். வேலை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி தென்பட்டால் கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க: 2025-26-ல் இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்ட். மூன்று ஆண்டுக்கு 28,605. வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கும் கடன் தனி. 2023 முதல் படிப்பில் சேர்ந்தவர்களின் கடன், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பகுதியில் 9 சதவீதமாக, 40 ஆண்டு வரை சம்பளத்தில் பிடிக்கப்படும். அப்ரண்டிஸுக்கோ முதல் மாதமே சம்பளம். சட்டப்படியான குறைந்தபட்சம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்ட்; வாரம் முப்பத்தேழரை மணி என்று வைத்தால் ஆண்டுக்கு 15,600. பெரிய நிறுவனங்கள் பொதுவாக இதைவிடக் கூடுதலாகவே கொடுக்கின்றன. 19 வயதாகி முதலாண்டும் முடிந்துவிட்டால் வயதுக்குரிய முழுக் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்குக் கதவு குறுகல். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவர் இதில் சேர முடியாது. பொதுவாக மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமையும் வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த மூன்றாண்டு நிபந்தனை இல்லை. இது பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போகிறது. வந்து ஓராண்டுதான் ஆகிறது, விண்ணப்பிக்க முடியாது என்று தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இனி, விளம்பரத்தைப் படிக்கும் கலை. ஹையர் அப்ரண்டிஸ்ஷிப் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் லெவல் 4 அல்லது 5. முழுப் பட்டம் வராது. பட்டத்துக்கு இணையான லெவல் 6 என்று மட்டும் போட்டிருந்தாலும் நிம்மதியடையக் கூடாது, பட்டம் இல்லாத லெவல் 6 பயிற்சிகளும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம், பிஎஸ்சியா பிஇங்கா என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலையமைப்புப் பக்கம் போகிறவர்களுக்கு நன்கு நிலைபெற்ற பாதை டிஜிட்டல் அண்ட் டெக்னாலஜி சொல்யூஷன்ஸ் புரொஃபெஷனல் என்ற லெவல் 6 தரநிலை. அதற்குள் மென்பொருள், தரவு, இணையப் பாதுகாப்பு எனப் பல கிளைகள். நெட்வொர்க் இன்ஜினியர் அவற்றில் ஒன்று. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டத்தின் பெயர் ஒன்றே, கிளையை முடிவு செய்வது முதலாளியின் தேவை. டெலிகாம் நிறுவனத்தில் சேர்ந்து, நான்கு ஆண்டும் வாடிக்கையாளர் செயலிக்கு நிரல் எழுதிக்கொண்டிருக்க நேரிடலாம். எந்தக் கிளை, எந்தக் குழு என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பிற்காலத்தில் சார்ட்டர்ட் இன்ஜினியர் ஆகும் எண்ணம் இருப்பவர், அந்தப் பட்டத்துக்கு ஐஇடி, பிசிஎஸ் போன்ற தொழில் அமைப்புகளின் அங்கீகாரம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

லெவல் 6 இடம் கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்துவிடாது. லெவல் 4 நெட்வொர்க் இன்ஜினியர் அப்ரண்டிஸ்ஷிப்பில் சேர்ந்து, முடித்தபின் பகுதிநேரமாகப் பட்டத்தைத் தொடர்பவர்கள் உண்டு. ஓப்பன் யூனிவர்சிட்டி இப்படி வேலைக்கு நடுவில் படிப்பவர்களுக்காகவே 1969-ல் நிறுவப்பட்டது. இது சுற்றுவழிதான், ஆனால் நிலத்தடிப் பெட்டியையும் கம்பத்தையும் நெருங்கிப் பார்க்க இந்தச் சுற்றுவழியில் வாய்ப்பு அதிகம்.

சேர்ந்தபின் வாரம் எப்படி ஓடும்? நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏறக்குறைய வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கு. சில பல்கலைக்கழகங்கள் அதைச் சேர்த்துவைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை முழு வாரமாகக் கொடுக்கும். நல்ல நிறுவனம் முதலாண்டில் ஆளைச் சுழற்றும். சில வாரம் சர்வே குழுவோடு தெருத்தெருவாக நடை. சில வாரம் திட்டமிடல் மேசை. சில வாரம் வேலீவ் எனப்படும் நில அனுமதி வாங்கும் பிரிவு. வேலீவ் பிரிவில் யாரும் விரும்பி இருப்பதில்லை. ஆனால் அடுக்குமாடிக் கட்டட உரிமையாளர் ஒருவர் கடிதத்துக்குப் பதில் போடாததால் மொத்தக் குடியிருப்பும் இணைப்பில்லாமல் நிற்பதை அங்கேதான் பார்க்க முடியும். தெருவில் வேலை செய்ய 1991-ம் ஆண்டுச் சட்டப்படியான சாலைப்பணிப் பயிற்சி, நிலத்தடிப் பெட்டிக்குள் இறங்குமுன் வாயுச் சோதனை, கம்பத்தில் ஏறுமுன் அதைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் இந்தக் கட்டத்தில் வந்துவிடும்.

பாடமும் வேலையும் ஒட்டும் இடம் ஒளிக் கணக்கு. இணைப்பகத்திலிருந்து ஒற்றை இழையில் போகும் ஒளியை வழக்கமாக 32 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். ஜிபான் எனப்படும் இந்த ஃபைபர் முறையில் பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவிக்கு, வழியில் 28 டெசிபல் வரை இழக்க அனுமதி உண்டு. ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றே சுமார் 17 டெசிபலைத் தின்றுவிடும். எட்டு கிலோமீட்டர் இழை, கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.8. நான்கு கனெக்டர், ஒவ்வொன்றும் அரை டெசிபல் என்று வைத்தால் 2. ஆறு ஒட்டு, தலா 0.1 என்றால் 0.6. கூட்டினால் 22.4. மிச்சம் 5.6.

வகுப்பறையில் இந்த 5.6 விடைத்தாளின் கடைசி வரி. தெருவில் அது வேறு பொருள். நாளைக்கு ஒரு தோண்டும் இயந்திரம் கேபிளை அறுக்கும், ஒட்டுப் போடுவார்கள். யாரோ பெட்டிக்குள் இழையை இறுக்கமாக வளைத்துவிட்டுப் போவார்கள். கனெக்டரில் தூசி படியும். மிச்சம் என்று வைத்தது இவற்றுக்கெல்லாம் சேர்த்து. அதைத் தெரியாதவர், மிச்சம் இருக்கிறதே என்று இன்னும் தொலைவிலுள்ள தெருவையும் அதே இழையில் சேர்த்துவிடுவார். செவ்வாய்க்கிழமை விரிவுரையில் படித்த டெசிபலை, வியாழக்கிழமை நிலத்தடிப் பெட்டியின் ஓரத்தில் குந்தியிருந்து மீட்டரில் பார்ப்பவருக்கு அந்தப் பிழை வராது.

பெரிய வலையமைப்பிலும் இதே கதை. ஒரு மருத்துவமனைக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் வேண்டும் என்று வரைவார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டும் ஒரே ரயில் பாலத்தின் மேல், ஒரே குழாயில் போகின்றன என்பது வரைபடத்தின் இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சில சமயம் பாலத்துக்கே போனால்தான்.

களைப்பைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. நண்பர்கள் முதலாண்டுப் பல்கலைக்கழக வாழ்க்கையைப் படம் படமாகப் போட்டுக்கொண்டிருக்கும்போது, இவர் காலை ஆறரைக்கு வேனில் இருப்பார். மாணவர்களுக்குள்ள நீண்ட கோடை விடுமுறை கிடையாது, ஊழியருக்குள்ள விடுப்புதான். ஊரைவிட்டுப் போய் விடுதியில் இருந்து வளரும் அனுபவமும் பெரும்பாலும் இல்லை. அது வேண்டும் என்று நினைக்கும் பிள்ளையைக் கடன் கணக்கு காட்டி இதில் தள்ளுவது பெற்றோர் செய்யக்கூடாத காரியம்.

வேலை போய்விட்டால்? ஆட்குறைப்பு நேர்ந்தால், பயிற்சியில் 75 சதவீதம் முடித்தவர்களுக்கும், முடிக்க ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருப்பவர்களுக்கும் மிச்சப் படிப்பின் செலவை அரசு ஏற்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தில் போனால் புதிய முதலாளியைத் தேட 12 வாரம் தரப்படும். இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2030-க்குள் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட 40,000 முதல் 55,000 வரை ஆட்களைக் குறைக்கப்போவதாக, பிரிட்டனின் பெரிய டெலிகாம் நிறுவனமான பிடி 2023 மே மாதம் அறிவித்தது. அதன் ஓப்பன்ரீச் பிரிவு 2026 இறுதிக்குள் 2.5 கோடி இடங்களுக்கு ஃபைபரைக் கொண்டுசேர்ப்பதை இலக்காக வைத்திருந்தது. கட்டி முடித்தபின் கட்டுபவர்கள் அத்தனை பேர் தேவையில்லை. கணக்கு எளிது.

ஆகவே வடிவமைப்பில் எந்தப் பக்கம் போவது என்பது இப்போது முக்கியம். புதிய தெருக்களுக்குப் பாதை வரையும் வேலை மெல்லக் குறையும். பழைய செம்புத் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரியில் நிறுத்தத் திட்டம். லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி முதல் தனியாக வாழும் முதியவர் கழுத்தில் தொங்கும் அபாய மணி வரை அதை நம்பியிருந்தவற்றை எல்லாம் இடம் மாற்ற வேண்டும். மொபைல் பக்கத்தில், 2025 மே இறுதியில் இணைந்த வோடஃபோனும் த்ரீயும் பத்தாண்டில் 1,100 கோடி பவுண்டை வலையமைப்பில் போடுவதாக உறுதி கொடுத்திருக்கின்றன. இரண்டு நிறுவனங்களின் கோபுரங்களை ஒன்றாக்கும்போது எதை வைப்பது, எதை இறக்குவது என்பது முழுக்க வடிவமைப்பு வேலை. ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பின் திறனைக் கூட்டுவதும், பழுதுக்கு மாற்றுப்பாதை வைப்பதும் எங்கும் போகாது. நேர்காணலில் “கட்டுமானம் முடிந்தபின் இந்தக் குழு என்ன செய்யும்?” என்று கேட்கும் பதினெட்டு வயதுக்காரரை எந்த மேலாளரும் மறக்க மாட்டார்.

விண்ணப்பத்துக்கு ஒரே நாள் கெடு கிடையாது. இலையுதிர் காலத்திலிருந்தே விளம்பரங்கள் வரத் தொடங்கும். நிறைந்துவிட்டால் தேதிக்கு முன்பே மூடிவிடுவார்கள். அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தேடல் தளத்திலும், பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கான யூகாஸிலும் பார்க்கலாம். யூகாஸில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு வழக்கம்போல விண்ணப்பித்துக்கொண்டே இதற்கும் போடலாம்; ஒன்று மற்றதைத் தடுக்காது. ஏ லெவலில் கணிதம் இருந்தால் நல்லது, இயற்பியலும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பிடெக் (BTEC), டி லெவல் போன்ற தொழிற்கல்வி முடித்தவர்களையும் பலர் ஏற்கிறார்கள்.

ஆட்தேர்வு நாளில் நல்ல மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கும். பிரித்துக் காட்டுவது ஆர்வத்துக்கான சான்று. அதைத் தயார்செய்யச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை தலையைக் குனிந்து நடப்பது. நடைபாதை மூடிகளில் எழுத்து இருக்கும். போஸ்ட் ஆபிஸ் டெலிபோன்ஸ் என்றால் 1980-களுக்கு முந்தியது. பிடி என்றால் பிந்தியது. சிஏடிவி என்றால் கேபிள் தொலைக்காட்சி நிறுவனம் போட்ட தனிக் குழாய். எத்தனை மூடி, எந்தப் பக்கம், கம்பங்கள் எங்கே, கம்பத்திலிருந்து எந்த வீடுகளுக்குக் கம்பி போகிறது, எந்த மரம் எந்தக் கம்பியை மறைக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மூடியைத் தொடக்கூடாது, அதற்குப் பயிற்சி வேண்டும். பிறகு அந்தத் தாளில் தன் வீட்டுக்கு ஃபைபர் எந்த வழியாக வரலாம் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கலாம். ஈஸ்ட்ஹாம் தெரு ஒன்றில் அரை மணி நேரம் போதும். பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் திறந்து, “என்ன தம்பி துலைச்சனீர்?” என்று கேட்கக்கூடும்.